அரை அங்குல ரப்பர்

அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்ளாத மூன்றாவது நாள். பேசாமல் இருப்பதில் எங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. ஒரே பட்டறை, ஒரே சமையலறை, ஒரே சீப்பு. ஆனாலும் ஒரு வார்த்தை சிந்தாமல் வாரக்கணக்கில் ஓட்டிவிடுவோம். முதலில் இறங்கி வருவது எப்போதும் அவர்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைப்பானேன்.

கார்களில் பாட்டுக் கருவிகள் பொருத்துவது அவர் வேலை. சீட்டுக்கு உறை தைப்பது, டிக்கிக்குக் கார்பெட் போடுவது, கதவுக்குள் துணி ஒட்டுவது என் வேலை. கொஞ்ச காலமாக எங்களுக்கு வரும் ஆட்களெல்லாம் ஒரே மாதிரி. இருபது வயதில் டிக்கி முழுக்க அடைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டி வைத்தவர்கள், முப்பத்தைந்து வயதில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து நிற்பார்கள். டிக்கியில் இடம் வேண்டும், சத்தமும் குறையக் கூடாது. இவர் அந்தப் பெரிய பெட்டியைக் கழற்றிவிட்டு, ஸ்டெப்னி சக்கரத்தின் நடுக்குழிக்குள் உட்காரும் வட்ட ஸ்பீக்கர் ஒன்றையும், சத்தத்தைக் கூட்டித் தருகிற, புத்தகம் போலத் தட்டையான ஆம்ப் ஒன்றையும் தரையோடு தரையாகப் பதுக்கிவிடுவார். மேலே நான் கார்பெட் போட்டு மூடிவிடுவேன். டிக்கியைத் திறந்தால் வெறும் தரைதான் தெரியும்.

இதில் எங்களுக்குள் ஒரு வழக்கம். அவர் தலை டிக்கிக்குள் இருக்கும், என் தலை தையல் மெஷின்மேல் இருக்கும். ஆடி அதிராமல் இருக்கத் தரையில் அரை அங்குல ரப்பர் விரிப்பேன். சில இடத்தில் மேடு தெரியாமல் இருக்க ரப்பரை வெட்டி எடுத்துவிடுவேன். எடுத்த இடத்தை, “ஆம்ப் அடியில ரப்பர் இல்ல” என்று இங்கிருந்து கத்துவேன். “ரப்பர் இல்ல” என்று அவர் அங்கிருந்து திருப்பிக் கத்துவார். அப்புறம்தான் ஸ்க்ரூ டப்பாவில் கை வைப்பார். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். இப்படிச் செய்ய வேண்டும் என்று நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை.

இந்தத் தடவை நான் கத்தவில்லை. அவரோடுதான் பேச்சு இல்லையே.

சண்டைக்குக் காரணம் என் தங்கையின் புருஷன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் டமாரம். அவர் கார் தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி நடுங்கும். டிக்கியில் ஒரு ஆள் சுருண்டு படுக்கிற அளவுக்குப் பெட்டி. கல்யாணத்துக்கு முன்பே வைத்தது. தங்கைக்கு ஐந்து மாதத்துக்கு முன்னால் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துத் தள்ளுகிற வண்டி ஒன்று வாங்கினாள். அது டிக்கியில் நுழையவில்லை. மடக்கிப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். கடைசியில், “பெட்டி இருக்கணுமா, நாங்க மூணு பேர் இருக்கணுமா, நீங்களே முடிவு பண்ணுங்க” என்று சொல்லிவிட்டாள்.

டமாரம் எங்கள் பட்டறைக்கு வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“சகலை, பெட்டிய எடுத்துருங்க. ஆனா சத்தம் உள்ளயே இருக்கணும்.”

“அதுக்கென்ன, செஞ்சுரலாம்” என்றார் இவர்.

“அவளுக்குத் தெரியக் கூடாது. எல்லாத்தையும் வித்துட்டேன்னு சொல்லிட்டேன். நான் தனியா போறப்ப மட்டும் போட்டுக்குவேன். சுவிட்ச்சைக்கூட எங்கயாச்சும் ஒளிச்சு வைங்க.”

நான் ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். “தம்பி, அவ என் தங்கச்சி.”

“அதனாலதான்க்கா உங்ககிட்ட வந்தேன். வேற யார் செஞ்சாலும் கண்டுபிடிச்சுருவா.”

இவர் என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். வாக்குக் கொடுத்துவிட்டார். டமாரம் போன பிறகு நான் ஒரு ஆட்டம் ஆடினேன். என் தங்கையிடம் பொய் சொல்ல நான் கூலிக்கு வேலை பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். இது புருஷன் பெண்டாட்டி விஷயம், நாம் ஆணி அடிக்கிறவர்கள், நமக்கு எதற்கு என்றார். அப்படியா சரி என்று வாயை மூடினேன். மூடியதுதான்.

ஆனால் வேலையை மட்டும் விடவில்லை. அதுதான் என் புத்தி. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், தையல் என்று வந்துவிட்டால் கை தானாக ஒழுங்காகப் போகும். டமாரம் சொன்னது சரிதான், என் தங்கை கண்ணுக்கு எதுவும் தப்பாது. அதனால் ஆம்ப் உட்காரும் இடத்தில் ரப்பரை உள்ளங்கை இரண்டு சேர்ந்த அகலத்துக்கு வெட்டி எடுத்து, அந்தக் குழிக்குக் கறுப்புத் துணி ஒட்டினேன். ஆம்ப் அரை அங்குலம் கீழே இறங்கிவிட்டால் மேலே கார்பெட்டில் மேடே தெரியாது. திறந்து மூட ஒரு மடிப்பு வேண்டுமே. அதற்கு என் பழைய தையலைப் போட்டேன். இடது ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, உள்பக்கமாக ஓடும் தையல். வெளியே ஒரு நூல் தெரியாது. கல்லூரிக் காலத்தில் தங்கையின் பைக்குள் இதே தையலில்தான் ஒரு கள்ளப் பை வைத்துக் கொடுத்தேன். அப்பா தினமும் பையைக் கொட்டிப் பார்ப்பார். டமாரம் எழுதிய கடிதங்கள் மூன்று வருடம் அதற்குள் இருந்தன, அப்பாவுக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு டமாரம் காரை எடுத்துக்கொண்டு போனார். டிக்கியைத் திறந்து மூடி, திறந்து மூடி, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அன்றைக்கே குடும்பத்தோடு அவர் அம்மா வீட்டுக்குப் பயணம். நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம். பிள்ளைகள் பிறந்த பிறகு முதல் நீண்ட பயணம். பிள்ளைகளின் புது வண்டி டிக்கியில் போகப் போகிறது.

பதினொன்றரை இருக்கும். என் மெஷினின் ஒரு கால் கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்தது. வெட்டி எடுத்த ரப்பர் துண்டு மேசையடியில் கிடந்தது. அதை மடித்து மெஷின் காலுக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தேன். இவர் ஸ்க்ரூ டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றுவிட்டார். என் கையைப் பார்த்தார். வந்து குனிந்து ரப்பர் துண்டை உருவி எடுத்தார். விரித்துப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த ஆம்பின் காலி அட்டைப் பெட்டியின் மேல் வைத்தார். நாலு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தியது.

“இது எங்க வெட்டுனது?” என்றார்.

மூன்று நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை. நான் எப்போதும் போல ஜெயித்துவிட்டேன் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

“எதுக்கு?”

“எங்க வெட்டுனன்னு கேக்கிறேன்.”

“ஆம்ப் அடியில.”

அவர் முகம் வெளிறிப்போனது. டப்பாக்கள் பக்கம் ஓடினார். ஒரு அங்குல ஸ்க்ரூ டப்பாவின் மூடி திறந்திருந்தது. ரப்பர் இருக்கும் இடத்துக்கு அதுதான் எடுப்பார். ரப்பர் இல்லாத இடத்துக்கு அதில் பாதி நீளம். பாதி நீள டப்பா திறக்கப்படவே இல்லை. ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

“நாலும் பெருசு” என்றார். “நாலு மூலைலயும் பெரிய ஸ்க்ரூ போட்டிருக்கேன். துணி ஒட்டியிருந்துச்சு, கீழ ரப்பர் இருக்குன்னு நெனச்சேன்.”

எனக்கு இன்னும் புரியவில்லை. “இருந்தா என்ன? நீளம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதானே?”

“அது பழைய வண்டி. பெட்ரோல் டேங்க் அந்த இடத்துக்கு நேர் கீழ. தகரத்துக்கும் டேங்குக்கும் நடுவுல ஒரு விரல்கூட இல்ல.”

அப்போதுதான் புரிந்தது. டேங்கின் மேல் நாலு ஸ்க்ரூ. அதன் மேல் கரண்டு ஓடும் ஆம்ப். அதற்கு முன்னால் பின்சீட்டில் என் தங்கை, இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள்.

இவர் டமாரத்துக்குப் போன் போட்டார். நான் தங்கைக்குப் போட்டேன். இரண்டும் அடித்து அடித்து ஓய்ந்தன. எதற்கு எடுக்கவில்லை என்று எங்களுக்கே தெரியும். பிள்ளைகள் தூங்கினால் அந்த வீட்டில் எல்லாமே ஊமை. போன், காலிங் பெல், மிக்ஸி, டமாரம் உட்பட. காரில் ஏறினால் முதல் வேலையாகத் தங்கை இரண்டு போனையும் சத்தமில்லாமல் ஆக்கிவிடுவாள்.

“கிளம்பு” என்றார் இவர்.

பட்டறையைப் பூட்டினோமா என்றுகூட நினைவில்லை. கடை வேனில் ஏறினோம். அவர் ஓட்ட, நான் விடாமல் போன் போட்டுக்கொண்டே வந்தேன். சந்து, சந்தை, பள்ளிக்கூடம், ரயில்வே கேட். கேட் மூடியிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு நீளமான சரக்கு ரயிலை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பெட்டியையும் திட்டினேன்.

“ஓட்டை விழுந்திருந்தா இந்நேரம் வாடை வந்திருக்காதா? காலைல நமக்கே தெரிஞ்சிருக்குமே?” என்று கேட்டேன். ஓட்டை இல்லை என்று அவர் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டேன்.

“காலைல டேங்க்ல சொட்டுதான் இருந்துச்சு. பெட்ரோல் விளக்கு எரிஞ்சுட்டு இருந்துச்சு. ஓட்டை மேல்பக்கம். பெட்ரோல் ரொம்பினாத்தான் தெரியும்.”

“அவர் ரொப்புவாரா?”

டமாரத்தைப் பற்றி எங்கள் இருவருக்கும் தெரியும். நெடுஞ்சாலை ஏறும் இடத்தில் ஒரு பங்க் இருக்கிறது. வெளியூர் என்றால் அங்கே கழுத்துவரை ரொப்பாமல் அவர் நகர மாட்டார்.

“ஸ்க்ரூ எறங்குன இடத்த ஸ்க்ரூவே அடச்சுட்டு இருக்கும்” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது. “ஆடாம இருந்தா ஒண்ணும் ஆகாது. அவர் அந்த ஸ்பீக்கர மட்டும் போடாம இருக்கணும். அது போட்டா மொத்தத் தரையும் நடுங்கும். ஸ்க்ரூ லூஸாயிரும்.”

“அவ கூட இருக்கிறப்ப எப்படிப் போடுவார்?”

“போட மாட்டார்” என்றார். “போட மாட்டார்.”

இரண்டாம் தடவை சொன்னபோது அவருக்கே நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது.

கேட் திறந்தது. இருபத்துமூன்றாவது தடவையோ இருபத்துநாலாவது தடவையோ, என் போன் என் கையிலேயே அதிர்ந்தது. தங்கை. அவளாகவே கூப்பிட்டிருந்தாள்.

“என்னக்கா இத்தனை மிஸ்டு கால்? யாருக்கு என்ன?” குசுகுசுவென்று பேசினாள். பிள்ளைகள் தூங்குகின்றன என்று அர்த்தம்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என் முழங்கையைத் தட்டினார். “சக்கரம்னு சொல்லு” என்றார் உதட்டை மட்டும் அசைத்து. “நட்டு டைட் பண்ணலைன்னு சொல்லு. ஓரமா நிறுத்தச் சொல்லு. போய்ப் பாத்துக்கலாம்.”

அது நல்ல யோசனைதான். எல்லாருக்கும் மரியாதை மிஞ்சும். இவர் கொடுத்த வாக்கும் மிஞ்சும், என் தையலும் மிஞ்சும். நான் “சக்கரத்துல” என்று ஆரம்பித்தும்விட்டேன்.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. சக்கர நட்டு என்றால் யாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்க மாட்டார்கள். ஓரமாக நிறுத்திவிட்டு, வெயிலுக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, தூங்குகிற பிள்ளைகளோடு உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். நாங்கள் வந்து சேர அரை மணி நேரம் ஆகும். அரை மணி நேரம் அந்த டேங்கின் மேல்.

“சக்கரத்துல என்ன?” என்றாள்.

“சக்கரம் இல்ல. வண்டிய நிறுத்தச் சொல்லு. இப்பவே. நிறுத்தி, எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, பிள்ளைங்களத் தூக்கிட்டு வெளிய வா. தூரமாப் போய் நில்லு.”

“எதுக்கு?”

“டிக்கில ஸ்பீக்கர் இருக்கு. எதையும் விக்கல. தரைக்கு அடியில மறச்சு வச்சிருக்கோம். நாங்கதான் செஞ்சோம். ஸ்க்ரூ பெருசாப் போட்டுட்டோம், பெட்ரோல் டேங்க்ல எறங்கியிருக்கு. தங்கம், எறங்கு, அப்புறம் என்னைத் திட்டு. முதல்ல எறங்கு.”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். “வண்டிய நிறுத்துங்க” என்று சொன்னது கேட்டது. சாதாரணக் குரல். டமாரம் என்னவோ கேட்டார். “நிறுத்துங்கன்னு சொல்றேன்ல” என்றாள். அப்புறம் கதவு திறக்கிற சத்தம், ஒரு பிள்ளை சிணுங்கும் சத்தம். லைன் கட்டானது.

அதற்குப் பிறகு எத்தனை தடவை போட்டும் யாரும் எடுக்கவில்லை. கைகளில் பிள்ளைகள் இருக்கும், எடுக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழியெல்லாம் சாலைக்கு மேலே புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். தூரத்தில் ஏதோ தொழிற்சாலைப் புகைபோக்கி தெரிந்தது. அதைப் பார்த்து ஒரு தடவை “ஐயோ” என்று கத்தி, இவரைப் பிரேக் போடவைத்தேன்.

“கத்தியிருக்கலாம்ல” என்றார் இவர் திடீரென்று. “ரப்பர் இல்லன்னு ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம்ல.”

“நீங்க கேட்டிருக்கலாம்ல?”

அவர் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினார்.

பங்க் தாண்டி ஒரு பாலம், பாலம் தாண்டி ஒரு வரிசை மரங்கள். கார் சாலையோரம் நின்றது. அதிலிருந்து நாற்பது ஐம்பது அடி தள்ளி மரத்தடியில் என் தங்கை நின்றாள். பக்கத்தில் அந்த இரட்டை வண்டி. அவ்வளவு பதற்றத்திலும் டிக்கியிலிருந்து அதை இறக்கி, விரித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்து, வெயில் படாமல் துப்பட்டாவால் மூடியிருந்தாள். அதற்காக அந்த டிக்கியைத் திறந்திருக்கிறாள். டமாரம் காருக்கும் அவளுக்கும் நடுவில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்.

வேனிலிருந்து இறங்கியதும் வாடை அடித்தது. காற்றே பெட்ரோலாக இருந்தது.

இவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை. பானெட்டைத் திறந்து முதலில் பாட்டரி வயரைக் கழற்றினார். நாலு கதவையும் விரியத் திறந்தார். டிக்கி பக்கம் போனார். நான் பின்னால் போனேன். மடிப்பைத் தூக்கினோம். கறுப்புத் துணி நனைந்து பளபளத்தது. மூன்று ஸ்க்ரூக்கள் டேங்கைத் தொடாமல் தப்பியிருந்தன. நாலாவது உள்ளே இறங்கியிருந்தது. அது தன் ஓட்டையிலேயே லேசாக ஆடியது; விரலால் தொட்டால் சுற்றியது.

“போட்டீங்களா?” என்று இவர் திரும்பாமல் கேட்டார்.

டமாரம் இரண்டடி முன்னால் வந்தார். “பங்க்ல அவ பிள்ளைங்களுக்குத் துணி மாத்த உள்ள போனா சகலை. ஒரே ஒரு நிமிஷம். சும்மா எப்படி இருக்குன்னு.”

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. “வாடை பங்க்லருந்து வருதுன்னு நெனச்சோம்க்கா” என்றார்.

இவர் ஆம்பைக் கழற்றித் தூரப் புல்லில் வைத்தார். கடைசி ஸ்க்ரூவைக் கையால் சுற்றி எடுத்து என்னிடம் நீட்டினார். வேனிலிருந்த குளியல் சோப்பைக் கொண்டு வரச் சொல்லி, அதைக் கசக்கி ஓட்டைக்குள் அழுத்தி அழுத்தி அடைத்தார். பெட்ரோலுக்குச் சோப்பு கரையாது, மெக்கானிக் வரும்வரை தாங்கும். முடித்ததும் கையைக்கூடத் துடைக்கவில்லை. காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையோரம் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

அப்போது தங்கை வந்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள டமாரத்தை மரத்தடிக்கு அனுப்பினாள். வார்த்தையே இல்லாமல், கண்ணாலேயே. திறந்த டிக்கி முன் வந்து நின்றாள். நான் மூடிவிட்ட கார்பெட் மறுபடி வெறும் தரையாக இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். தேடவே இல்லை. இடது ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி நேராக வைத்தாள். உள்பக்கமாக ஓடும் தையலைக் கட்டை விரலால் கடைசிவரை தடவினாள். மடிப்பு திறந்துகொண்டது.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அப்பா முன்னால் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றேன். அவள் மடிப்பை மூடிவிட்டு, ஓரத்தைச் சரிசெய்து, மரத்தடிக்குப் போய்விட்டாள்.

டமாரம் மெக்கானிக்குக்காகக் காரோடு இருந்துகொண்டார். அவளையும் பிள்ளைகளையும் நாங்கள் வேனில் ஏற்றித் திரும்பக் கூட்டிவந்தோம். ரெக்ஸின் சுருள்களைத் தள்ளிவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். இரட்டை வண்டி பின்னால் தாராளமாகக் கிடந்தது. ஒரு மணி நேரப் பயணம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பிள்ளை விழித்து அழுதது, தட்டிக்கொடுத்தாள். இன்னொன்றுக்குப் பால் கொடுத்தாள். நான் மூன்று தடவை திரும்பினேன், மூன்று தடவையும் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இருப்பதில் எனக்குத் திமிர் உண்டு என்றேனே, அது அந்த ஒரு மணி நேரத்தில் பொடிப்பொடியாகப் போனது. பேசாதவளுக்குச் சுலபம். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். அதை இத்தனை வருடம் இவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் வீட்டு வாசலில் இவர் இரட்டை வண்டியை இறக்கி விரித்தார். “மாமா, நீங்க உள்ள தள்ளிட்டுப் போங்க” என்றாள் அவரிடம். என்னை மட்டும் நிற்கவைத்தாள்.

“அந்த ஸ்க்ரூ எங்க?”

உள்ளங்கையை விரித்தேன். அங்கிருந்து இங்குவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருந்தேன். தோலில் அதன் மரைக் கோடுகள் பதிந்திருந்தன. எடுத்துப் பார்த்தாள். சின்னப் பொருள்தான். திரும்ப என் கையிலேயே வைத்தாள்.

“அவர் பொய் சொல்வார், எனக்குத் தெரியும்” என்றாள். “மாமா வாக்குக் குடுத்துட்டா மீற மாட்டார், அதுவும் தெரியும். அவங்க ரெண்டு பேரையும் நாலு நாள் திட்டிட்டு விட்டுருவேன்.”

நான் காத்திருந்தேன்.

“அடுத்த தடவை என்கிட்ட மறைக்கணும்னா வேற தையல் போடுக்கா. இது என்னோடது.”